கூலிக்குப் பேசியவர்

உகாண்டாவில் எங்கள் மசாகா பக்கம் பெண் கேட்டுப் போகிறவர்களுக்கு ஒரு வாய் வேண்டும். மாப்பிள்ளை தானே பேசக் கூடாது. அப்பன், சித்தப்பன் யாரும் பேசக் கூடாது. கூலிக்கு ஒருவரைப் பிடித்து, வெள்ளை அங்கியும் மேலே கோட்டும் மாட்டி, பெண் வீட்டுக்காரர்களுக்கு எதிரே நிறுத்த வேண்டும். பெண் வீட்டிலும் அதே மாதிரி ஒருவர் இருப்பார். இவர் அவரைச் சீண்டுவார், அவர் இவரை மடக்குவார், ஊர் சிரிக்கும். சிரித்து ஓய்கிற நேரத்துக்குச் சம்பந்தம் முடிந்திருக்கும். இந்தத் தொழிலில் சலோங்கோ லுபோவாவைப் போல இன்னொருவரை நான் பார்க்கவில்லை. இரட்டைப் பிள்ளை பெற்றதால் அவர் சலோங்கோ, அவர் பெண்டாட்டி நாலோங்கோ. சொந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடுகிறவர்கள் வங்கிக்காரர்கள் மட்டும்தான்.

நான் பந்தல்காரி. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட், ஜெனரேட்டர், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அலைய ஒரு பழைய பிக்கப். அவர் பேசுகிற இடத்துக்கு என் பந்தல் போகும், இல்லாவிட்டால் என் பந்தல் போகிற இடத்துக்கு அவர் வந்து சேருவார். சாயங்காலத்துக்குள் அவர் தொண்டை கரகரத்துவிடும். ஆம்ப்ளிஃபயரில் இதைக் குறைத்து அதை ஏற்றி நான்தான் ஒப்பேற்றுவேன். நாலோங்கோவுக்குத் தெரியாத தொண்டைக்கட்டெல்லாம் எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் எங்கள் இருவருக்கும் கல்யாணம் என்றாலே அலுப்பு. அதே பாட்டு, அதே கிண்டல், மாடு லாரியிலிருந்து இறங்காமல் அதே அடம். அவர் மேடையில் ஊரையே குலுக்கிவிட்டு வந்து, என் பிக்கப்பின் முன் சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஆனால் வேலை பேச வந்தவர்களிடம் அந்த அலுப்பைக் காட்ட மாட்டார். பெண் கேட்கப் போவதற்குமுன் மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். குலம் என்ன, வம்சம் என்ன, சபையில் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று பேச்சுக்காரருக்குச் சொல்லிக் கொடுக்கிற கூட்டம் அது. லுபோவா போனால் சொல்லிக் கொடுக்கிறவர் அவராகத்தான் இருப்பார். வீட்டார் வாயைத் திறப்பார்கள், மீதியை இவர் முடித்துவிடுவார். கொடுக்கப் போகிற கூலியில் பாதிக்காவது இங்கேயே அவர்கள் சிரித்துவிட வேண்டும் என்பது அவருடைய தொழில் ரகசியம். அவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டுப் போவார்கள். சொல்ல வந்ததைச் சொன்னோமா என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கலுலே வீட்டுக் கூட்டமும் அப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை முட்யாபா கலுலேயின் அண்ணன் மகன், கம்பாலாவில் போன் கடை வைத்திருந்தான். அப்பா இல்லாத பையன், கலுலேதான் வளர்த்தார். சீர் ஏற்ற வண்டி பேசுவதற்காக நானும் போயிருந்தேன். லுபோவா உள்ளே போய்விட்டார், நான் வாசலில் டயருக்குக் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததை அவர் பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கதவோரம் பாயில் ஒரு பெண்மணி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் பெரூசி, முட்யாபாவைப் பெற்றவள். அவளுக்காக யாரும் பெண் கேட்டுப் போனதில்லை. கலுலேயின் அண்ணன் அவளோடு எங்கோ இருந்தார், பிள்ளை பிறந்தது, பால் மறந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவ்வளவுதான் அந்தக் குடித்தனம். அதனால் அவள் யார் வீட்டுப் பெண், எந்தக் குலம் என்று அந்த வீட்டில் எந்தச் சபையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கல்யாணம் என்பதால் மகனே போன் போட்டு வரச் சொல்லியிருந்தான். வந்தவளுக்குக் கதவோரம் இடம் கிடைத்தது, மகன் சித்தப்பா பக்கத்தில் சோபாவில் இருந்தான்.

"பொண்ணு வீட்டுக்காரங்க வெட்டுக்கிளிக் குலம், சலோங்கோ. நாங்க எருமைக் குலம். ஒரு சிக்கலும் இல்ல" என்றார் கலுலே.

"சிக்கல் இல்லாட்டி நான் எதுக்கு? வேணும்னா நானே ஒண்ணு கொண்டு வரேன்" என்றார் லுபோவா. வீடு சிரித்தது.

நவம்பர் மாதம். மசாகா முழுக்க விளக்குப் போட்டு வெட்டுக்கிளி பிடிக்கிற காலம். வெங்காயம் போட்டு வறுத்த வெட்டுக்கிளி ஒரு பெரிய தட்டில் கைக்குக் கை வந்தது. எல்லோரும் அள்ளினார்கள். பெரூசியிடம் வந்ததும் அவள் தொடாமல் அடுத்தவரிடம் நகர்த்தினாள்.

"பொறந்த வீட்ல நாங்க யாரும் இதத் தொடமாட்டோம்யா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் லுபோவாவைப் பார்த்துச் சொன்னாள்.

எங்கள் நாட்டில் எந்தக் குலத்தாரும் தங்கள் குலப்பெயர் கொண்டதைத் தின்ன மாட்டார்கள். தாயின் குலத்தில் பெண்ணும் எடுக்க மாட்டார்கள். தாய்க் குலத்துப் பெண்கள் எல்லோரும் அம்மா முறை. சிறு பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அவள் அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் எந்தக் குலமானாலும் வெட்டுக்கிளி தின்ன மாட்டார்கள் என்பதும் உண்டு. லுபோவாவின் நாக்கு அதைத்தான் பிடித்துக்கொண்டது.

"அம்மா அந்தக் காலத்து ஆளு! பொம்பளைங்க இதத் திங்கக்கூடாதுன்னு நம்ம தாத்தாமாரு ஏன் சொல்லி வச்சாங்க தெரியுமா? தாத்தாமாருக்குப் பங்கு குறையக் கூடாதுன்னுதான்! அம்மா, உங்க பங்க இப்படித் தள்ளுங்க, புண்ணியமாப் போவும்!"

வாசலில் நின்ற எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்புதான். கூரைத் தகரம் அதிர்கிற மாதிரி சிரித்தார்கள்.

கூட்டம் முடிந்து லுபோவா வண்டியில் ஏற வந்தபோது அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். இதை நான் கண்ணால் பார்த்தேன். "அய்யா, அந்தப் பொண்ணோட அப்பா..." என்று ஆரம்பித்தாள். அவருடைய போன் அடித்தது. "சொல்லும்மா, சொல்லும்மா" என்று அவளிடம் கையைக் காட்டிவிட்டு, "சொல்லுங்க, எந்தத் தேதி?" என்று போனில் போய்விட்டார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் இடுப்புக் கச்சை முடிச்சைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். யாரோ பணம் கேட்க வந்த உறவுக்காரி என்று நான் நினைத்தேன்.

பெண் வீடு ஏரிக்கரைப் பக்கம். அன்றைக்கு லுபோவா அசத்தினார். எதிர்க்கட்சிப் பேச்சுக்காரன் வியர்த்துப் போனான். சீர்க்கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்தார்கள், மாடு லாரியிலிருந்து இறங்காமல் அடம்பிடித்து ஒரு வழியாக இறங்கியது. பெண் இன்னும் வெளியே வரவில்லை. அப்போது பெண்ணின் அத்தை எழுந்தாள். எங்கள் ஊரில் கல்யாணத்தில் அத்தை வைத்ததுதான் சட்டம். நல்ல மனுஷி, மரியாதை செய்யலாம் என்று நினைத்துத்தான் அவள் கேட்டாள்.

"இப்படி ஒரு பிள்ளையப் பெத்த மகராசி யாரு? கொஞ்சம் முன்னால வாங்கம்மா, கண்ணாரப் பாக்கணும். எந்த வீட்டுப் பொண்ணு நீங்க? உங்க ஆளுங்க யாரு?"

பெரூசி முன்னால் வந்து மண்டியிட்டாள். நான் அவசரமாக மைக்கை அவள் பக்கம் நீட்டச் சொன்னேன்.

"வெட்டுக்கிளிக் குலம்மா" என்றாள்.

அத்தை சிரித்தாள், வேடிக்கை என்று நினைத்து. "நாங்கதான் வெட்டுக்கிளி. உங்களத்தான் கேக்கறேன்."

"நானும் அதேதாம்மா." தன் தாத்தா பெயரையும், அவருக்கு மேலே உள்ளவர் பெயரையும் சொன்னாள். பெண் வீட்டுப் பந்தலில் ஒரு கிழவர் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு அந்தப் பெயர்கள் தெரிந்திருந்தன.

"அப்ப எங்க பொண்ணு உன் மகனுக்கு அம்மா முறை!" என்றாள் அத்தை. என் ஸ்பீக்கர் அதை ஊருக்கே சொன்னது.

அதற்கப்புறம் நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்கு மனசில்லை. உள்ளே பெண் அழுகிற சத்தம் கேட்டது. வாழையிலையில் கட்டி அவித்த மத்தோக்கே வாழைக்காயை யாரும் பிரிக்கவில்லை. கூடைகள் திரும்பின. கஷ்டப்பட்டு இறக்கிய மாட்டை மறுபடியும் லாரியில் ஏற்றினார்கள், இப்போது அது ஏற மாட்டேன் என்றது. கலுலே அத்தனை பேருக்கும் முன்னால் பெரூசியைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன நாளா வாயில என்னத்த அடைச்சு வச்சிருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த அசிங்கம் உண்டா? என் அண்ணன் வாழ்க்கைய கெடுத்தது பத்தாதா?"

அவள் லுபோவாவைப் பார்த்தாள். அவர் கையில் மைக் இருந்தது, நான் எதையும் அணைக்கவில்லை. ஒரு வாக்கியம் போதும். அவர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பி, "பாட்டு போடு" என்றார். போட்டேன். முட்யாபா அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே காரில் ஏறிப் போனான். அதற்குப் பிறகு அவளுடைய போனை அவன் எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன்.

தொழிலுக்கு ஒரு கீறல் விழவில்லை. பெற்றவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பேச்சுக்காரர் என்ன செய்வார் என்று ஊரே சொன்னது. வரிசையாக ஆட்கள் வந்தார்கள். இவர்தான் சரியாக இல்லை. ஒரு நாள் திரும்பி வரும்போது பிக்கப்பில் தலையைச் சாய்த்தபடியே சொன்னார்.

"அவங்க சொன்னாங்க, பந்தல்காரி. என்கிட்டதான் சொன்னாங்க."

அப்போதுதான் அந்தத் தட்டு விவகாரமும், அவள் சொன்னதும், இவர் அடித்த ஜோக்கும் எனக்குத் தெரிந்தன.

"நீங்க சொன்னாத்தான தெரியும்? விடுங்க சலோங்கோ. யாரு கேட்டா?" என்றேன். எனக்கு என் பந்தல் பிழைப்பு. 

அதிலிருந்து அவர் கேட்கப் பழக ஆரம்பித்தார். அந்தக் கண்றாவியை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் கூட்டத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "சலோங்கோவுக்கு வயித்து வலியா?" என்று வீட்டார் பயந்துபோய் இஞ்சி டீ கொடுத்தார்கள். அப்புறம் "ம்ம், ம்ம்" என்று முனகிக்கொண்டே கேட்டார். எங்களவர்கள் வணக்கம் சொல்லும்போதே ஆளுக்கு ஆள் நூறு "ம்ம்" போடுகிறவர்கள்தான், ஆனால் இவருடையது போலி. "ம்ம்" போடும்போதே கண் மேலே போகும். அடுத்த கிண்டலைத் தயார் செய்கிறார் என்று அர்த்தம்.

"இப்ப நீங்க கேக்கல, சலோங்கோ. உங்க ஜோக்க நீங்களே ருசி பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்று வண்டியில் ஏறியதும் சொல்லிவிடுவேன்.

"தெரிஞ்சுபோச்சா?"

"அந்த வீட்டுப் பூனைக்கே தெரிஞ்சுபோச்சு."

கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு வந்தது. முன் அறைக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குப் பின்னால் போக ஆரம்பித்தார். பெண்கள் மத்தோக்கே உரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு பேசினைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். "பொண்ணு கேக்கப் போற பயணம் எப்படி ஆகும்னு நினைக்கறீங்க?" என்று ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். பேசாத மனுஷன் எதிரே உட்கார்ந்தால் நம் ஜனங்களுக்குத் தாங்காது. யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள். முதலில் மழை, அப்புறம் விலைவாசி, அப்புறம் யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரி. இவர் அவசரப்படுத்த மாட்டார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி கதை முடிகிற இடத்தில் இந்த வீட்டுக் கதை வெளியே வரும்.

ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா "நம்ம பக்கம் கூட்டம் அதிகம் வராது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய லுபோவாவாக இருந்தால், "அப்ப சாப்பாடு எனக்கு டபுள்!" என்று ஆரம்பித்திருப்பார். இப்போது மூன்றாவது முறையும் அதையே சொல்ல விட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, நிலத் தகராறில் அண்ணனோடு பேச்சு இல்லை, அண்ணன் சபைக்கே வந்து தடுப்பேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான் என்று கொட்டிவிட்டார். "என்னக் கூப்பிடறத அப்புறம் பாக்கலாம். மொதல்ல அண்ணன் வீட்டுக்குப் போங்க" என்று லுபோவா எழுந்து வந்துவிட்டார். அவருக்கும் கூலி போயிற்று, எனக்கும் பந்தல் போயிற்று. வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தேன்.

"முன்ன மாதிரி பேசிட்டுப் போய்டலாமே. எதுக்கு இந்த வேலை?"

"பேசினா தொண்டை மட்டுந்தான் வலிச்சுது. இப்ப உடம்பெல்லாம் வலிக்குது" என்றார்.

உண்மைதான். ஆள் இளைத்துவிட்டார். ஊர்க் கதையெல்லாம் இவர் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. சபையிலும் முன்போல் பொரிந்து தள்ளவில்லை, அளந்து பேசினார். சிரிப்பு குறைந்தது. லேப்டாப்பில் கைதட்டல் சத்தம் வைத்துக்கொண்டு திரிகிற இளவட்டங்களிடம் பாதிப் பேர் போய்விட்டார்கள். "பேசக் கூப்பிட்டா பஞ்சாயத்து பண்ண வர்றாரு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். பிரச்சினை உள்ள வீட்டுக்காரர்கள் மட்டும் இவரைத் தேடி வந்தார்கள். அவர்களுக்குச் செலவு செய்ய முடியாது, என் பந்தலில் சின்னதைத்தான் கேட்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கலுலே போன் செய்தார். முட்யாபாவுக்கு வேறு ஒரு பெண், மிட்யானா பக்கம். "பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க சலோங்கோ. உங்க மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. நீங்கதான் வரணும்" என்றாராம். அந்தக் 'குறையும் இல்ல'தான் இவரை என்னவோ செய்தது. வண்டியில் போகும்போது அதையே இரண்டு தடவை சொன்னார்.

இந்தத் தடவை நானும் உள்ளே போனேன். லுபோவா சொன்ன அதே அறை, அதே சோபா, கலுலே பக்கத்தில் முட்யாபா. கதவோரம் பாய் இல்லை. டீ வந்தது, நலம் விசாரிப்பு முடிந்தது, கலுலே தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெண் வீட்டுப் பெருமையை ஆரம்பித்தார். லுபோவா கையை உயர்த்தினார்.

"பையனோட அம்மா எங்க?"

"அவ எதுக்கு? போன தடவ வாய மூடிக்கிட்டு இருந்து நம்ம மானத்த வாங்கினது பத்தலையா?"

"அவங்க வாய மூடிக்கிட்டு இல்ல. இங்கதான் சொன்னாங்க. பொறந்த வீட்ல இதத் தொடமாட்டோம்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க. நான் கிண்டல் பண்ணித் தள்ளிட்டேன். வெளிய வந்தும் சொல்ல வந்தாங்க. நான் போன்ல இருந்தேன். அன்னைக்கு அந்தச் சபையில எல்லாரும் அவங்களத் திட்டினப்ப எனக்குத் தெரியும். நான் பாட்டு போடச் சொன்னேன்."

ஒரு நிமிஷம் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு கலுலே தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பாத்தீங்களா! இவருக்கு எதுக்குக் காசு குடுக்கறோம்னு கேட்டீங்களே! அவ பண்ணின தப்பையும் தூக்கித் தன் தலையில போட்டுக்கறாரு! என்ன வாய்யா இது!"

மற்றவர்களும் சிரித்தார்கள். "நான் வெளையாடல" என்றார் லுபோவா. இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "சத்தியமா" என்றார். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  இத்தனை வருஷம் அந்த வாய் சம்பாதித்துக் கொடுத்தது, ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் செல்லாமல் போயிற்று.

அவர் மறுபடி முயலவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சிரிப்பு தானாகத் தேய்ந்தது. யாரோ ஒருவர் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார், துணைக்கு ஆள் இல்லாமல் நிறுத்தினார். டீ ஆறிப் போயிற்று. கலுலே ஏதோ கேட்டார், இவர் பதில் சொல்லவில்லை. லுபோவா இருக்கிற அறையில் அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

முட்யாபாதான் முதலில் அசைந்தான். 

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான். "சித்தப்பா, எனக்கு ஞாபகம் இருக்கு."

 எழுந்து வந்து என்னிடம், "வண்டி கியோட்டேரா வரைக்கும் போகுமா?" என்று கேட்டான்.

அவனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் போனோம். கியோட்டேரா கடைவீதியில் வாழைப்பழ வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள் பெரூசி. கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. எங்களைப் பார்த்ததும் வாணலியை இறக்கி வைத்து, கையைத் துடைத்து, எங்களை உள்ளே உட்கார வைத்து, மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, தோட்டம் எப்படி, மழை எப்படி. லுபோவா ஒவ்வொன்றுக்கும் "ம்ம்" என்றார், ஒவ்வொன்றையும் பதிலுக்குக் கேட்டார். மகனிடமும் அதே வணக்கம்தான் சொன்னாள், ஊர்க்காரனிடம் சொல்கிற மாதிரி. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சுடச்சுட வடை வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

"அம்மா, அன்னைக்கு நீங்க சொன்னீங்க. நான் காது குடுக்கல" என்றார் லுபோவா.

"காது குடுத்துட்டுத்தான் சிரிச்சீங்கன்னு நினைச்சேன்யா. பெரியவங்களே சிரிக்கறாங்க, இந்தக் காலத்துல குலம் முறையெல்லாம் யாரும் பாக்கறதில்ல போலன்னு நினைச்சேன். மனசு கேக்காமத்தான் வண்டிகிட்ட வந்தேன். நீங்க ஏதோ வேலையா இருந்தீங்க."

"சபையில நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. வாணலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "உங்க மேல எனக்கு வருத்தம் இல்லய்யா. நீங்க அந்த வீட்டுக்குக் கூலிக்கு வந்தவரு. சிரிக்க வைக்கறது உங்க பொழப்பு. ஆனா அன்னைக்கு நீங்க சொன்னதும் மொதல்ல சிரிச்சது இவன். மத்தவங்களுக்குச் சிரிப்பு வர்றதுக்குள்ள இவன் சிரிச்சான். அம்மாவப் பாத்துச் சிரிச்சான்."

முட்யாபா எதையும் மறுக்கவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் லுபோவாவைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கள் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. இதைவிட மோசமான இடத்திலெல்லாம் ஒரு வார்த்தையைப் போட்டுக் கட்சிகளைச் சேர்த்து வைத்தவர் அவர். வார்த்தை அவர் தொண்டைவரை வந்ததும் எனக்குத் தெரிந்தது, அந்தத் தொண்டையை நான் அறிவேன். அவர் விழுங்கிவிட்டார்.  வெளியே வடைக்கு வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் என்னிடம் திரும்பினாள்.

"பொழுது சாயுது. உன் வண்டிக்கு முன்னால வெளக்கு எரியுமாம்மா?"

"எரியும், எரியும். போன மாசந்தான் ரெண்டும் புதுசா மாத்தினேன். ராத்திரி முழுக்க இருந்தாலும் கவலையில்ல..." என்று நான் விவரமாக ஆரம்பித்தேன்.

லுபோவா எழுந்துவிட்டார். "நாங்க வரோம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முட்யாபாவும் எழப் பார்த்தான். லுபோவா அவன் தோளில் கை வைத்து மறுபடி உட்கார வைத்தார். பெரூசி தடுக்கவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கதவை மட்டும் எங்களுக்காகத் திறந்து பிடித்தாள்.

"பையன விட்டுட்டுப் போறோமே, கலுலேக்கு என்ன பதில் சொல்றது?" என்று வண்டியருகே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "காரியம் கெட்டுப்போச்சு. சொன்னதக் காதுல வாங்காத பேச்சுக்காரருன்னு நாளைக்கே கலுலே ஊர் பூரா சொல்லிடுவாரு. உங்கள யாரு கூப்பிடுவா? என்ன யாரு கூப்பிடுவா?"

"யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றார். கதவைத் திறந்து ஏறி, வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

சாவியைத் திருப்பப் போனேன். அப்போதுதான் அந்த ஒற்றை அறையிலிருந்து சத்தம் வந்தது. பெரூசி கத்திக்கொண்டிருந்தாள். மண்டியிட்டு முணுமுணுத்த குரல்தான் எனக்குத் தெரியும், இது தகரத்தில் கல் விழுகிற மாதிரி இருந்தது. இடையில் ஒரு தடவை அவன், "அம்மா" என்றான். அவள் நிறுத்தவில்லை. கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

"என்ன சொல்றாங்க சலோங்கோ?" என்றேன், ஜன்னலை இறக்கிக்கொண்டே.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அது நமக்கு இல்ல. வண்டிய எடு" என்றார்.